சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி: சார், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? எங்கும் இறங்காமல் போனால் எத்தனை மணி நேரம்?

பதில்: வான்வழித் தூரம் சுமார் 15,340 கி.மீ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தில் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம்.

கேள்வி: மணிக்கு 900 கி.மீ. என்று கணக்குப் போட்டால் 17 மணி நேரம்தானே வருகிறது? தவிர, ஒருவர் பசிபிக் வழி என்கிறார், இன்னொருவர் அட்லாண்டிக் வழி என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி. வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்துக்குப் பக்கத்தில் போகும். அதுதான் மிகக் குறுகிய வழி. ஆனால் விமானிக்குக் குறுகிய வழியை விட முக்கியம் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். எதிர்த்துப் போனால் எரிபொருள் கரையும், முதுகில் வாங்கிக்கொண்டால் நேரம் மிச்சம். அதனால் போகும்போது ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக்கைக் கடப்பார்கள். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அப்படி வந்தால் போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. ஒரே டிக்கெட்டில் உலகத்தையே சுற்றியாகிவிடும்! இத்தனை வருடமாகியும் எனக்கு இது அலுக்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் இருப்பது வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, காற்றுக்காகச் சுற்றிப் போவது எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: மதியம் 12 மணிக்குக் கிளம்பினால் எந்த நாளில் இறங்குவேன்?

பதில்: அதே நாளில்! குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்னால், கோடையில் 12. குளிர்காலமென்றால் மாலை ஐந்தரைக்கு இறங்குவீர்கள். திரும்பும்போதுதான் கவனம். திங்கள் இரவு ஏறினால் புதன் காலைதான் சிங்கப்பூர். புதன் காலையிலேயே அலுவலகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நேரடி விமானத்தில் எகானமி டிக்கெட் காட்டவே இல்லையே?

பதில்: கிடையாது. ஏ350-900 யுஎல்ஆர் என்ற, மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, சாதாரண எகானமியை விட வசதியான பிரீமியம் எகானமி 94. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் விமானம். அவ்வளவு தூரத்துக்கு எடையைக் குறைத்தே ஆகவேண்டும்.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயது. உட்கார்ந்தாலே கால் வீங்கும். நேராகப் போகலாமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். என் மனதுக்குப் பட்டது, பிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் உங்களுக்கு நல்லது. தூரம் சுமார் 16,500 கி.மீ. ஆகும், நேரமும் கூடும். ஆனாலும் நடுவில் இறங்கிக் காலாற நடக்கலாம். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.