இரு பேரரசுகளுக்கு இடைப்பட்ட பகுதி என்றால் என்ன? அதன் வரலாற்றை எழுதுவது ஏன் கடினம்?

அண்டைப் பேரரசுகள் மாறி மாறி உரிமை கொண்டாடிய, பல மொழியினரும் சமயத்தினரும் கலந்து வாழ்ந்த நிலப்பரப்பையே வரலாற்றாசிரியர்கள் இவ்வாறு குறிப்பிடுகிறார்கள். இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே பிரிந்து கிடக்கும் கலீசியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1772-இல் அதனை ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. கிழக்கே ரஷ்யப் பேரரசு இருந்தது. கலீசியாவின் தலைநகர் ஜெர்மானியருக்கு லெம்பெர்க், போலந்தியருக்கு லுவூஃப், உக்ரைனியருக்கு லிவீவ். அங்கே 1910-இல் பிறந்து 1992 வரை வாழ்ந்த ஒருவர், வீடு மாறாமலேயே ஆஸ்திரியா-ஹங்கேரி, போலந்து, சோவியத் ஒன்றியம், நாஜி ஜெர்மனி, மீண்டும் சோவியத், இறுதியில் உக்ரைன் என்று இத்தனை ஆட்சிகளைக் கண்டிருப்பார்.

ஒவ்வோர் அரசும் வரிக்காகவும் படைக்கு ஆள் சேர்க்கவும் தன் மொழியில், தன் தேவைக்கேற்ப ஆவணங்களை எழுதி வைத்தது என்பதே சிக்கலின் வேர். பலர் கைமாறிய நிலத்தைப் பட்டாவை மட்டும் பார்த்து வாங்க மாட்டோம். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்போம். கலீசியாவை ஆராய்பவரும் அப்படித்தான் ஜெர்மன், போலிஷ், உக்ரைனியன், இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), ரஷ்யன் என எல்லா மொழிச் சான்றுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1876-இல் ரஷ்யப் பேரரசு உக்ரைனிய மொழியில் அச்சிடுவதைப் பெருமளவு தடை செய்தபோது, அங்கிருந்த எழுத்தாளர்கள் தங்கள் படைப்புகளை எல்லைக்கு அப்பால் லிவீவில் அச்சேற்றினார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்த கீவில் படித்த மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி 1894-இல் லிவீவ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகி, பின்னர் 1917-இல் கீவில் உக்ரைனியர் அமைத்த நாடாளுமன்றமான மத்திய ராடாவின் தலைவரானார்.

இத்தகைய பகுதியை வல்லரசுகள் மோதிக்கொள்வதற்கான வெற்றிடமாகப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். அங்கு வாழ்ந்தவர்கள் எல்லையையே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு லிவீவின் அச்சகங்கள் சான்று.