உள்ளே வெச்ச மெஷ் குத்துது, எடுத்துடலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 57 வயசு. கர்ப்பப்பை இறங்கிடுச்சுன்னு நாலு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணி மெஷ் வெச்சாங்க. இப்ப கொஞ்ச நாளா அப்பப்ப ரத்தக்கறை படுது, அடிவயிறு இழுக்குது, ஒண்ணா இருக்கும்போது வீட்டுக்காரருக்கும் ஏதோ குத்துதாம். வயசானா அப்படித்தான்னு சொல்றாங்க. மெஷ்ஷை மொத்தமா எடுத்துடலாமா?

பதில்: வயசு மேல பழி போட்டு விடற விஷயம் இல்லம்மா இது. பீரியட்ஸ் நின்னப்புறம் ரத்தம் பட்டாலே செக் பண்ணியாகணும், மெஷ்தான் காரணம்னு முடிவு கட்டிடாம, கர்ப்பப்பை இன்னும் இருந்தா ஸ்கேன்ல அதையும் பாத்துடுங்க. ஆனா அவருக்குக் குத்துதுன்னு எழுதினீங்க பாருங்க, அது நல்ல துப்பு, டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க. மெஷ்ங்கறது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் நூல்ல பின்னின வலை, கரையாது, மேல இருக்கற சதை மெலிஞ்சா ஓரம் வெளிய தெரியும்.

போறப்போ பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில எடுத்துட்டுப் போங்க, என்ன மெஷ், வயித்து வழியா வெச்சாங்களா பிறப்புறுப்பு வழியாவான்னு தெரியணும். அமெரிக்காவுல 2019-ல அங்க மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. விக்கக் கூடாதுன்னு நிறுத்தினது, இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியா வெக்கிற மெஷ்ஷை மட்டும்தான். அதுக்காக தொந்தரவே இல்லாதவங்களும் ஓடிப்போய் எடுக்கணும்னு இல்ல.

மெஷ் ஓரம் கொஞ்சமா வெளிய தெரிஞ்சா முதல்ல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கிரீம் உள்ளே தடவச் சொல்வாங்க, மார்பகப் புற்றுநோய் வந்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. ஆறலைன்னா வெளிய தெரியற துண்டை மட்டும் வெட்டி தையல் போடலாம், நிறைய பேருக்கு இதோட சரியாயிடும். மொத்தமா எடுக்கறது வேற கதை, சதை வலைக்குள்ள வளர்ந்து பிடிச்சிருக்கும், மூத்திரப்பையும் மலக்குடலும் பக்கத்துலயே இருக்கு, காயம் படலாம், எடுத்தப்புறமும் வலி முழுசாப் போகும்னு உத்தரவாதம் இல்ல, இறக்கம் திரும்பவும் வரலாம். தேவைப்படறவங்களுக்கு எடுக்கத்தான் வேணும், ஆனா மெஷ் எடுத்து நல்லாப் பழக்கம் உள்ள யூரோகைனகாலஜிஸ்ட்கிட்ட, அதாவது கர்ப்பப்பை இறக்கம், மூத்திரப்பை பிரச்சினைகளைப் பாக்கற பெண்கள் மருத்துவ நிபுணர்கிட்ட மட்டும் போங்க.

வலிக்கு பிசியோதெரபியும் உதவும். எல்லாத்துக்கும் கெகல், அதாவது இடுப்பு அடித்தசையை இறுக்கித் தளர்த்தற பயிற்சி, பண்ணுங்கன்னு எழுதிக் குடுக்கறது எனக்குப் பிடிக்காத பழக்கம், இடுப்புத் தசை ஏற்கனவே இறுகியிருந்தா அது வலியைக் கூட்டலாம், அப்ப தளர்த்தறதுக்குத்தான் பயிற்சி வேணும்.

செக் பண்ற வரைக்கும் ஒண்ணா இருக்கறதைத் தள்ளி வைங்க. காய்ச்சல், நாத்தமடிக்கிற சீழ், மூத்திரத்துலயோ மலத்துலயோ ரத்தம், காய்ச்சலோட கடுமையான முதுகுவலி, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.