புதியவர் வரும் ஞாயிறு: ஆராதனை பற்றிய கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் உள்ள பல சபைகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஊரும் சூழலும் வேறுபட்டாலும், கேட்டவர்கள் எல்லோருடைய மனத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரே கவலைதான்: புதிதாக வருபவரை அந்நியராக உணரவிடாமல் ஆராதனையை எவ்வளவு மாற்றலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? நான் தென்னிந்தியத் திருச்சபையில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற போதகர் என்பதால், பதில்கள் அந்த மரபில் நின்றே எழுதப்பட்டவை.

மானிப்பாயிலிருந்து ஒரு மூப்பர்: ஐயா, புதியவர்கள் வரும் ஞாயிறுகளில் பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் விட்டுவிடலாம் என்று எங்கள் வாலிபர்கள் சொல்கிறார்கள். ஆராதனை நீண்டுவிடுகிறது, வந்தவர்கள் சலித்துப்போகிறார்கள் என்பது அவர்களுடைய நியாயம். விடலாமா?

விட வேண்டாம். ஆனால் வாலிபர்கள் கவனித்தது உண்மை. அதற்குச் சொன்ன காரணம் மட்டுமே பிழை. அடுத்த ஞாயிறு ஒருவரிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் சேர்ந்து ஐந்து நிமிடத்தைத் தாண்டமாட்டா. அறிவித்தல்கள், காணிக்கை விபரம், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அன்பளிப்பாளருக்கு நன்றி, கட்டட நிதி என்று போவதுதான் பெரும்பாலும் அரை மணித்தியாலத்தை எடுக்கிறது. யாரென்றே தெரியாத மனிதர்களைப் பற்றிய அந்தப் பேச்சில்தான் புதியவர் தமக்கு இங்கே வேலையில்லை என்று எண்ணுகிறார்.

பாவ அறிக்கையில் நடப்பது இதற்கு நேரெதிர். நாற்பது வருட அங்கத்தவரும் இன்று காலையில் முதன்முதலாக வாசற்படி ஏறியவரும் தேவனுக்கு முன்பாக ஒரே நிலையில் நிற்கும் இடம் அது. அதை எடுத்துவிட்டால், ஏற்கெனவே நல்லவர்களாக இருப்பவர்களின் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று அவர் நினைக்க நாமே வழிசெய்கிறோம்.

கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் இந்தக் கேள்வியையே கையாள்கிறார். விளங்காத பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைப் பேசுவதைவிட, மற்றவருக்குப் புரியும்படி ஐந்து வார்த்தைகள் பேசுவதையே தாம் விரும்புவதாகச் சொல்கிறார். வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால், அவருடைய இருதயத்தின் அந்தரங்கம் வெளியாகி, தேவன் உங்களுக்குள் இருக்கிறார் என்று அவர் அறிக்கையிட வேண்டும் என்கிறார். ஆராதனை அந்த மனிதருக்குப் புரிய வேண்டும், அதே வேளையில் அவருடைய உள்ளத்தைத் தொடவும் வேண்டும். பவுல் இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறார். ஆகவே பாவ அறிக்கைக்கு முன் இரண்டே வசனத்தில், எளிய தமிழில், நாம் இப்போது என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்லுங்கள். புத்தகத்தின் பக்க எண்ணையும் சொல்லுங்கள்.

உடுவிலிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் சைவர். எனக்காக ஆலயத்துக்கு வந்து பக்கத்தில் இருப்பார். திருவிருந்து நேரத்தில் எல்லோரும் எழுந்து போக, அவர் மட்டும் வாங்கில் தனியே இருப்பார். "கோயிலில் வந்தவர் எல்லோருக்கும் திருநீறு கொடுக்கிறார்கள், இங்கே ஏன் இல்லை?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கணவரின் கேள்வியை ஒவ்வொரு போதகரும் கேட்டிருக்க வேண்டும். நமது மண்ணில் ஒரு கோயிலுக்குப் போனவர் திருநீறும் சந்தனமும் பிரசாதமும் பெறாமல் திரும்புவதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர், அப்பமும் ரசமும் தம்மைக் கடந்து போவதைப் பார்க்கும்போது, தம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார். நாம் அப்படி நினைத்துச் செய்வதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஞானஸ்நானம் பெற்றவர்களே திருவிருந்தில் பங்குகொள்வார்கள் என்பது மிகப் பழைய ஒழுங்கு. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன் மார்ட்டிர் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் அதைத் தெளிவாகக் கூறியிருக்கிறார். பிரசாதம் வந்தவருக்கெல்லாம் கிடைக்கும் அருட்கொடை. திருவிருந்தோ, சிலுவையில் மரித்தவரோடு என் உயிரைப் பிணைத்துவிட்டேன் என்று ஒருவர் எடுக்கும் உடன்படிக்கை. எடுக்க ஆயத்தமில்லாத ஒரு வாக்குறுதியை, உபசாரத்தின் பெயரால் ஒருவர் வாயில் திணிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இதை உங்கள் கணவருக்கு நீங்களே சொல்லலாம். பெரும்பாலான சைவர்கள் இதைச் சொன்னவுடன் விளங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் தீட்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடு அவர்களுடைய சமயத்திலும் உண்டு.

ஆனால் அவர் தனியே இருக்கத் தேவையில்லை. உங்களோடு முன்னே வந்து முழங்காற்படியிடலாம். போதகர் அவருடைய தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார். உங்கள் போதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள். திருவிருந்துக்கு முன் சபை முழுவதற்கும் இதை அறிவிக்கும் வழக்கத்தை அவர் தொடங்கினால், பின்வாங்கில் பேசாமல் இருக்கும் வேறு சிலரும் எழுந்து வருவதைக் காண்பீர்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு வாலிபர்: பழைய கீர்த்தனைகளை விட்டு, கிற்றாரும் டிரம்ஸும் சேர்ந்த புதிய பாடல்களைப் பாடினால்தானே இளையவர்கள் வருவார்கள்? பெரியவர்கள் விடுகிறார்களில்லை.

தம்பி, கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுமைதான். மிஷனரிமார் கொண்டுவந்த மேல்நாட்டு ராகப் பாடல்களின் பக்கத்தில், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகத்தில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கிறிஸ்துவைப் பாடினார். எனவே வாத்தியத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

இரண்டு கேள்விகளைக் கேட்பேன். முதலாவது, இந்தப் பாட்டை முதல்முறை கேட்பவர் இரண்டாவது சரணத்திலாவது சேர்ந்து பாட முடியுமா? பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் கீர்த்தனையில் அது எளிது. ஒருவர் வரியைச் சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடும் நம்முடைய பழைய முறையும் புதியவருக்கு மிக உதவும். ஒலிபெருக்கியில் ஐந்து பேர் பாட, மற்ற எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கும் பாட்டு எவ்வளவு புதியதாக இருந்தாலும் வந்தவரைப் பார்வையாளராகவே வைத்திருக்கும். இரண்டாவது, இசையை எடுத்துவிட்டுச் சொற்களை மட்டும் வாசித்தால், கிறிஸ்து யார், என்ன செய்தார் என்பது அதில் இருக்கிறதா? "நான் உம்மை நேசிக்கிறேன்" என்பதையே பதினாறு முறை பாடினால், நேசிக்கப்படுபவர் யாரென்று புதியவருக்குத் தெரியாமலே ஆராதனை முடிந்துவிடும். இந்த இரண்டிலும் தேறும் புதிய பாட்டை நீங்கள் கொண்டுவந்தால், பெரியவர்களிடம் உங்களுக்காக நானே பேசுவேன்.

சங்கானைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் சபையில் வரவேற்புக் குழு இருக்கிறது. ஆனால் புதியவர் வந்தால் முதல் கேள்வி, "எவடம் நீங்கள், ஆற்றை பிள்ளை?" என்பதுதான். கேட்பவர்கள் அன்பாகவே கேட்கிறார்கள் என்று சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியைத் துணிந்து எழுதியதற்கு நன்றி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும், ஊரையும் குறிச்சியையும் தகப்பன் பெயரையும் அடுத்தடுத்துக் கேட்பதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பது தெரியும். சாதி என்ற சொல் வாயில் வராமலே சாதி விசாரிக்கப்பட்டுவிடும். கேட்பவர் அறியாமல் கேட்டாலும், கேட்கப்பட்டவர் அறிந்தே பதில் சொல்கிறார். பலர் அடுத்த ஞாயிறு வருவதில்லை.

நான் இளம் போதகராக இருந்த ஒரு சபையில், புதிதாக வந்த குடும்பம் ஒன்று மூன்று மாதம் கடைசி வாங்கிலேயே இருந்தது. முன்னே வாருங்கள் என்று நான் பிரசங்க மேடையிலிருந்து பலமுறை அழைத்தேன். அவர்கள் வரவில்லை, நானும் அது கூச்சம் என்றே நினைத்தேன். முதல் நாளே ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலைக் கேட்டபின் பேசாமல் திரும்பிப் போனதைப் பிறகுதான் அறிந்தேன். மேடையிலிருந்து கூப்பிட்டேனே தவிர, இறங்கிப் போய் அவர்கள் பக்கத்தில் ஒரு நாளும் இருக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. இன்றுவரை அது என் மனத்தை விட்டுப் போகவில்லை.

பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் காட்டும் சபையை யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். செய்தியை விட்டுக்கொடுப்பது பற்றி நாம் பேசும்போது பாட்டையும் விளக்கையும் பற்றியே சண்டை பிடிக்கிறோம். சுவிசேஷத்தை நாம் மெய்யாகவே விட்டுக்கொடுத்தது இங்கேதான், அதுவும் புதியவருக்காக அல்ல, பழையவர்களின் வசதிக்காக.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சொல்லும் சமாதான வாழ்த்து கைக்குக் கை கடத்தப்படுகிறது. பலிபீடத்தருகே தொடங்கி வாங்கின் கடைசி ஆள்வரை அது போக வேண்டும். எந்தக் கையையும் தாண்டிப் போக முடியாதபடி அமைந்த ஒழுங்கு அது. அதைப் பின்வாங்கு வரைக்கும் உண்மையாகக் கடத்துங்கள். வரவேற்புக் குழுவுக்கு ஒரு விதி போதும்: பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பக்கத்தில் இருங்கள். ஊரை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுன்னாகத்திலிருந்து ஒருவர்: குத்துவிளக்கு ஏற்றுவதும் தரையில் பாய் விரித்து இருப்பதும் சைவ அயலவருக்கு நெருக்கமாக இருக்குமா, அல்லது சமரசமா?

வடிவத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளடக்கம் கெட்டுவிடாது என்பதற்குச் சிறந்த சாட்சி சைவப் பக்கத்திலேயே இருக்கிறது. மெதடிஸ்த பாடசாலையில் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவ ஆலயங்களில் கண்ட முறையை அவர் எடுத்தாண்டார். அதனால் அவருடைய சைவம் ஒரு துளியும் குறையவில்லை.

உங்கள் ஊருக்கு அருகே மருதனார்மடத்தில் உள்ள கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தைப் போய்ப் பாருங்கள். எளிமையும் மௌனமும் நம் மண்ணின் வடிவத்தில் கிறிஸ்துவைத் தொழ இடங்கொடுப்பதை அங்கே காணலாம். ஒரு கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம்: சைவத்திலிருந்து பெரும் விலை கொடுத்து வந்த ஒரு மூதாட்டி உங்கள் சபையில் இருந்தால், அந்த விளக்கு அவருக்கு என்ன சொல்லும்? முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். புதியவருக்காகச் செய்யும் மாற்றம் அவரைப் புண்படுத்துமானால் பொறுத்திருங்கள்.

பாசையூரிலிருந்து ஒரு கத்தோலிக்க வாசகர்: அந்தோனியார் திருவிழாவுக்குச் சைவ மக்கள் திரளாக வருகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா?

உங்கள் பங்குத்தந்தையே இதைத் தீர்மானிக்க வேண்டியவர். என் கருத்து இது: நேர்த்திக்கடன் வைத்து வருபவரைப் பிடித்து வைத்துப் போதிப்பது பொருத்தமன்று; அன்றைய அருளுரை அவருக்கும் விளங்கும் தமிழில் இருந்தால் போதும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டில் மக்களின் மொழிக்கு இடங்கொடுத்தது. அந்தக் கொடையை எல்லோருக்கும் விளங்கும் எளிய தமிழாக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கனடாவிலிருந்து திரும்பி வந்து கோப்பாயில் இருக்கும் ஒருவர்: அங்கே பெரிய சபைகளில் சிலுவைகூட இல்லை, கோப்பிக்கடை போல இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நாமும் அப்படிச் செய்தாலென்ன?

அந்த முறைக்கு முன்னோடியான சபைகளில் ஒன்று, 1975இல் சிக்காகோவுக்கு அருகே தொடங்கிய வில்லோ கிறீக். சபைக்குப் பழகாதவர்களையே மனத்தில் வைத்து ஆராதனையை அமைத்த அந்தச் சபை, 2007இல் தன் சொந்த ஆய்வை வெளியிட்டு, நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்துகொள்வதால் மட்டும் மக்கள் தேவனிலும் பிறரிலும் கொள்ளும் அன்பில் வளர்வதில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். சிலுவையைக் கழற்றி வைப்பது எங்கள் ஊரில் எந்தப் பயனும் தராது. நம்மை "வேதக்காரர்" என்று அறிந்தே அயலவர்கள் வருகிறார்கள். தேநீர் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆராதனை முடிந்தபின் கொடுங்கள்.

கிளிநொச்சி வீதியோரக் கிராமமொன்றிலிருந்து: நாங்கள் முப்பது பேர். விதவைகள் பலர். நிவாரணப் பொதி கொடுக்கும் நாட்களில் மட்டும் கூட்டம் நிறைகிறது. மதம் மாற்றுகிறார்கள் என்று அயலில் பேச்சும் வருகிறது.

பொதியையும் ஆராதனையையும் பிரித்துவிடுங்கள். வேறு நாளில், வேறு இடத்தில், முடிந்தால் கிராம அலுவலரின் பட்டியலின்படி, எந்தச் சமயத்தவருக்கும் தேவையை மட்டும் பார்த்துக் கொடுங்கள். தான் விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் தருகிறது. பசித்தவருக்கு முன் அரிசியைக் காட்டி அழைத்தால், அந்தச் சுதந்திரத்தை நாமே பறித்தவர்கள் ஆவோம். கூட்டம் குறையும். முப்பது பேர் பதினைந்தாகலாம். அந்தப் பதினைந்து பேரோடு அடுத்த ஞாயிறு தொடங்குங்கள்: வாசலில் ஒருவர் நிற்கட்டும், புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டிக் கொடுக்கட்டும், வேதவாசிப்பை வாசிப்பவர் சனிக்கிழமையே வீட்டில் இரண்டுமுறை உரக்க வாசித்துப் பழகட்டும். போதகர் "கிருபை", "இரட்சிப்பு" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு வசனத்தில் பொருளைச் சொல்லட்டும். ஆராதனை முடிந்தபின் புதிதாக வந்த அந்த அம்மாவை வாசல்வரை ஒருவர் கூட்டிச் செல்லட்டும். அவர் நடந்து வந்தவரானால், ஒழுங்கைமுனை வரைக்கும்.