ரோம் ரொட்டிக்காரர் கல்லறை – கடிதம்

வணக்கம் சார்,

போன மாசம் ரோம் போயிருந்தோம். போர்த்தா மஜ்ஜோரேங்கற பழைய கோட்டை வாசல் பக்கத்துல டிராமுக்கு நிக்கும்போது வேலிக்குள்ள ஒரு வினோதமான கட்டடம், செவுரு முழுக்க வட்ட வட்டமா ஓட்டை. கூகுள் பண்ணா ரொட்டி சுடுறவரோட கல்லறையாம்! டிராபிக் புகையில அப்படியே நிக்குது. பேசாம மியூசியத்துக்குள்ள கொண்டுபோய் வைக்கக் கூடாதா?

கே.

அன்புள்ள கே.,

டிராம் உடனே வராததும் நல்லதாப் போச்சு. அது யூரிசாசெஸ்ங்கறவரோட கல்லறை, ஏறக்குறைய கி.மு. 30ல கட்டினது. கிரேக்கப் பேருங்கறதால அடிமையா இருந்து விடுதலையானவராத்தான் இருக்கணும்னு சொல்றாங்க. கான்ட்ராக்ட் எடுத்து ரொட்டி சப்ளை பண்ணி காசு பார்த்தவர், அதை கல்லுலயும் பெருமையா வெட்டி வெச்சிட்டார். நீங்க பாத்த ஓட்டை மாவு பிசையுற தொட்டின்னு ஒரு கட்சி, தானியம் அளக்குற மரக்கால்னு இன்னொரு கட்சி. எனக்கு தொட்டி கட்சிதான்.

மேல சுத்தி ஓடுற சிற்பத்தை கவனிச்சீங்களா? கழுதை திரிகை சுத்துது, ஆளுங்க மாவு சலிக்கிறாங்க, மேஜை முன்னாடி வரிசையா நின்னு உருட்டுறாங்க, ஒருத்தர் நீளக் கம்பை அடுப்புக்குள்ள விடறார், அப்புறம் தராசு, கூடை. பொண்டாட்டி அதிஸ்தியாவுக்கும் ஒரு கல்வெட்டு இருக்கு, ரொம்ப நல்ல பொம்பள, உடம்புல மிஞ்சினது இந்த ரொட்டிக்கூடையில இருக்குன்னு. சாவுலயும் மனுஷன் தொழிலை விடல.

இது எப்படி தப்பிச்சதுங்கறதுதான் கதையே. கி.பி. 52ல ரோம் பேரரசர் கிளாடியஸ் கட்டி முடிச்ச தண்ணிக் கால்வாயோட பெரிய வளைவு பக்கத்துலயே வந்துச்சு, கல்லறையை தொடல. 271ல பேரரசர் ஆரேலியன் ஆரம்பிச்ச கோட்டைச் சுவர்ல அந்த வளைவு ஒரு வாசலாச்சு, அதுதான் போர்த்தா மஜ்ஜோரே, அப்புறம் 5ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பேரரசர் ஹொனோரியஸ் ஆளுங்க வாசலுக்கு கோபுரம் எழுப்பினப்ப கல்லறையை உள்ள வெச்சே பூசிட்டாங்க. கிழக்குப் பக்கம் போச்சு, ஆனா மிச்சம் 1400 வருஷம் வெயில் மழை படாம, கல்லு திருடுறவன் கண்ணுலயும் படாம கிடந்துச்சு. 1838ல போப் 16ஆம் கிரிகோரி காலத்துல கோபுரத்தை இடிச்சாங்க, இது வெளிய வந்துச்சு. இதை மீட்புன்னு எழுதுறாங்க, எனக்கு அதுல கொஞ்சம் உறுத்தல் உண்டு, ஏன்னா இடிச்ச கோபுரமும் 1400 வருஷப் பழசுதானே? வெளிய வந்து 100 வருஷம் கூட ஆகல, 1934ல அந்தக் கல்லறையோட புருஷன் பொண்டாட்டி சிலையில அந்தம்மா தலையை எவனோ திருடிட்டான்.

சிலையை மியூசியத்துல வைக்கலாம், கட்டடத்தை எடுக்கக் கூடாதுங்கறது என் கட்சி. அது ஏன் கோணல் மாணலா இருக்குன்னா, பிரேனெஸ்தினா, லாபிகானான்னு ரெண்டு ரோடு பிரியுற முக்குல கிடைச்ச இடத்துக்கு ஏத்த மாதிரி கட்டினதால. ரோம் வர்றவன் போறவன் எல்லாரும் பாக்கணும்னுதான் அந்த மனுஷன் அந்த இடத்தையே புடிச்சார். ஹாலுக்குள்ள வெச்சா அந்தக் கோணலுக்கு அர்த்தமே இருக்காது. வேலி போதும், புகையை அப்பப்ப கழுவினா போதும்.

அடுத்த தடவை போனா பைனாகுலர் எடுத்துட்டு போங்க, வேலிக்கு வெளிய நின்னா கழுதை காது தெரியாது.