இலைவெட்டி எறும்பும் நம்ம மலைக் கறையானும்: கேள்வி பதில்

தாண்டிக்குடியில் எனக்குச் சின்னக் காப்பித் தோட்டம். எறும்பு, கறையான் பின்னாலேயே திரிவது 25 வருடப் பழக்கம். இலைவெட்டி எறும்பு பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். காளான் படம் அனுப்பி “சாப்பிடலாமா” என்று மட்டும் கேட்காதீர்கள்.

கொடைக்கானல்: ரோஜா இலை ஓரமெல்லாம் வளையல் துண்டு மாதிரி வெட்டியிருக்கிறது. இலைவெட்டி எறும்புதானே?

இல்லை அம்மா. இலைவெட்டி எறும்பு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. உங்கள் ரோஜாவில் வேலை பார்ப்பது ஒரு தனித் தேனீ. வெட்டிய துண்டைச் சுருட்டித் தன் குஞ்சுக்கு அறை கட்டும். செடிக்கு ஆபத்தில்லை, மருந்து அடிக்காதீர்கள்.

குன்னூர், கல்லூரி மாணவி: அந்த எறும்பு இலையைத் தின்பதில்லை என்கிறார்கள். பிறகு எதற்கு வெட்டுகிறது?

உரத்துக்கு. இலையின் நார்ச்சத்தைச் செரிக்க அதனால் முடியாது. அதனால் இலையைப் புற்றுக்குள் கொண்டுபோய் மென்று கூழாக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை இழைகளின் நுனி சின்னச் சின்ன முடிச்சாக உப்பும். புழுக்களுக்குச் சாப்பாடு அதுதான். வெட்டும்போது கசியும் சாறை வேலைக்கார எறும்புகள் குடித்துக்கொள்ளும். இலையை வைத்துத் தோட்டம் போடுகிறது என்று முதலில் புரிந்துகொண்டவர் தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர். நிகராகுவாவில் பார்த்து 1874இல் எழுதினார். அதுவரை சிலர் இலையைத் தின்கிறது என்றும், சிலர் புற்றுக்குக் கூரை வேய்கிறது என்றும் நினைத்தார்கள்.

தோட்டம் என்றால் களையும் உண்டு. எஸ்கோவாப்சிஸ் என்றொரு ஒட்டுண்ணிப் பூஞ்சை, விட்டால் பயிரையே அழித்துவிடும். எறும்புகள் அதைப் பிடுங்கி எறிகின்றன. சில இனங்கள் உடம்பிலேயே ஒரு பாக்டீரியாவைச் சுமக்கின்றன. அதன் கசிவு அந்தக் களையை அடக்கும். புது ராணி தாய்வீட்டை விட்டுப் பறக்கும்போது வாய்க்குள் இருக்கும் சின்னப் பையில் ஒரு துளிப் பூஞ்சையை எடுத்துக்கொண்டுதான் போகும். நம் வீட்டில் உறைமோர் வாங்கிப் போவது மாதிரி.

பண்ணைக்காடு: நம் பக்கம் அப்படி விவசாயம் செய்யும் பூச்சி எதுவுமே இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இருக்கிறது. உங்கள் வரப்பில் நிற்கும் புற்றுக்குள் இருக்கும் கறையான்தான் அது.

போன வருடம் எங்கள் பாதையை அகலப்படுத்த ஜேசிபி மேட்டை வெட்டியபோது ஒரு புற்று பாதியாகப் பிளந்தது. உள்ளே தேங்காய் அளவு ஓர் அறை. அதில் பழுப்பு நிறத்தில், அக்ரூட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக ஓர் அடை. கையில் எடுத்தால் கனமே இல்லை, லேசாக ஈரம். மடிப்புக்குள் ரவை தூவினாற்போல வெள்ளை வெள்ளை உருண்டைகள். அதுதான் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை. கறையான் காய்ந்த இலை, சுள்ளி, பட்டையைத் தின்று, பாதி செரித்த கழிவை அடையின் மேல்பக்கம் அப்பும். பூஞ்சை அதைப் பக்குவப்படுத்தும். பழசான அடிப்பக்கத்தைக் கறையான் தின்னும். மேலே புதுசு, கீழே அறுவடை.

இதை முதலில் எழுதியவரும் நம் மண்ணில் பார்த்துத்தான் எழுதினார். தரங்கம்பாடி மிஷனில் மருத்துவராக இருந்த கோனிக், தஞ்சைப் பகுதிப் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து 1779இல் வெளியிட்டார். பெல்ட்டுக்கு 95 வருடம் முன்னால்! பள்ளிப் பாடத்தில் இதைச் சொல்லாமல் தென்னமெரிக்க எறும்பை மட்டும் காட்டுவது எனக்கு ஆற்றாமைதான்.

ஒரு வித்தியாசம். நம் கறையான் இனங்களில் பெரும்பாலானவற்றில், புதுக் குடும்பம் தொடங்கப் பறக்கும் ஈசல் சோடி பூஞ்சை வித்து கொண்டுபோகாது. முதல் தலைமுறை வேலைக்காரக் கறையான்கள் வெளியே போய், அதே பூஞ்சை புற்றின்மேல் பூக்கும் புற்றுக்காளான் உதிர்த்த வித்துத்தூளைக் கொண்டுவர வேண்டும். அதனால் புற்றுக்காளான் பறிப்பவர்கள் நாலைந்தை விரிய விட்டுவிட்டு வாருங்கள்.

பெரும்பாறை: அந்தக் காளான் இடி இடித்தால்தான் முளைக்கும். அதைச் சொல்லவில்லையே?

மழைக்குத்தான் முளைக்கும் ஐயா. நம் பக்கம் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வருவதால் அப்படித் தோன்றுகிறது.

அதே பெரும்பாறைக்காரர்: என் தாத்தா இடிச் சத்தம் கேட்டு மறுநாள் கூடையோடு போவார். வெறுங்கையோடு வந்ததில்லை. அவர் சொன்னது பொய்யா?

பொய்யே இல்லை. எந்த நாள் போக வேண்டும் என்று துல்லியமாகக் கணித்திருக்கிறார். காரணம்தான் வேறு.

கோத்தகிரி: ஜப்பானில் மின்சாரம் பாய்ச்சிக் காளான் விளைச்சலைக் கூட்டியிருக்கிறார்களே?

உண்மை, இவாத்தே பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். ஷீட்டாக்கே, நமேகோ என்ற காளான்கள் வளரும் மரக்கட்டைகளுக்குள் நேரடியாக உயர் மின்னழுத்தம் செலுத்தினார்கள். எங்கோ வானத்தில் கேட்கும் இடிக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

பந்தலூர்: எங்கள் ஊர் ஆடி மழையில் நாள்கணக்காக இடியே கேட்காது. காளான் வரத்தான் செய்கிறது.

இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இன்னொன்று: பல இனங்களில் ஈசல் பறந்து சில வாரம் கழித்தே காளான் பூக்கும். புதுக் குடும்பத்தின் முதல் கறையான்கள் வித்து தேடி வெளியே வரும் நேரம் அது. நாள் குறித்து எழுதி வையுங்கள், பெரும்பாறை ஐயா. ஈசல் என்று, இடி என்று, காளான் என்று. மூன்று வருடக் குறிப்பு இருந்தால் நானே வந்து பார்க்கிறேன்.

வத்தலக்குண்டு: படம் இணைத்துள்ளேன். புற்றுக்காளானா?

படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். குடை வெள்ளையாக இருந்து பிறகு அடிமடிப்பு பச்சையாகும் விஷக்காளான் நம் புல்வெளிகளில் உண்டு. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்பதும் தவறு. பறித்துப் பழகிய பெரியவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

ஊட்டி: பைன் மரத்தடியில் சிவப்புக் குடை, வெள்ளைப் புள்ளி. சாப்பிடலாமா?

விஷம். கூடாது.

சிறுமலை: படம் அனுப்பியிருக்கிறேன்...

மேலே சொல்லிவிட்டேன்.

குன்னூர்: என் ரோஜாவிலும் வட்ட வட்டமாக...

முதல் பதிலைப் பாருங்கள்.

கூடலூர்: மாமரத்தில் சிவப்பு எறும்பு இலைகளைச் சேர்த்து ஒட்டுகிறது.

அது முசுறு. தன் புழுவின் பட்டு நூலால் தைக்கும். பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆடலூர்: சில்வர் ஓக் மரமெல்லாம் மண் பூசியிருக்கிறது. பூச்சிமருந்து ஊற்றட்டுமா?

ஊற்றாதீர்கள். அது கறையான் பூசிய மண். பெரும்பாலும் செத்த மேல்பட்டையைத்தான் தின்கிறது. மண்ணைக் கையால் தட்டிப் பாருங்கள், உள்பட்டை பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். மருந்து மண்ணுக்குள் இறங்கினால் சருகை உரமாக்கும் கூட்டம் முழுக்கப் போய்விடும்.

திண்டுக்கல்: இலைவெட்டி எறும்பு ராணி வரவழைத்து வளர்க்க ஆசை.

வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். உண்ணிச்செடியும் வாட்டிலும் இந்த மலைகளை என்ன செய்தன என்று பார்த்தும் இன்னொன்றைக் கொண்டுவரலாமா? ஒரு கூட்டில் லட்சக்கணக்கில் பெருகும் பூச்சி அது.

பண்ணைக்காடு, எட்டாம் வகுப்பு: கறையான் இல்லாவிட்டால் பூஞ்சை தனியாக வளருமா?

அன்று வெட்டிய மேட்டிலிருந்து ஒரு துண்டு அடையை, கறையானை எல்லாம் உதறிவிட்டு, சோற்று டப்பாவில் ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். சில நாளில் வெள்ளை உருண்டைகள் காணாமல் போயின. அடை முழுக்கக் குச்சி குச்சியாக வேறொரு பூஞ்சை எழுந்து மூடியை முட்டியது. அதன் வித்து அடைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கறையான் இருந்தவரை தலைதூக்க விடவில்லை.