இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாமா? எப்படித் தொடங்குவது?

செய்யலாம், நிலை சீராக இருந்தால். படுத்தால் மூச்சுத் திணறக் கூடாது. மருத்துவர் சோதித்துச் சரி சொல்லியிருக்க வேண்டும்.

நடையே போதும். முதல் வாரம் சமதளத்தில் 5 முதல் 10 நிமிடம். முடியாவிட்டால் இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டி 30 நிமிடத்தை எட்டுங்கள். நேரம் முதலில், வேகம் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து மூன்றாம் நாளே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் குறைவாகக் காட்டும்போதே உடல் திணறிக்கொண்டிருக்கும். பயிற்சி எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நாமே 6 முதல் 20 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலில் 11 முதல் 13 போதும். அதாவது, மூச்சு சற்று வாங்கினாலும் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

கடைசிச் சில நிமிடம் வேகத்தைக் குறைத்து முடியுங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது எளிதில் வரும்.

வாரம் இரு நாள் நாற்காலியிலிருந்து 5 முதல் 8 தடவை எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் இதயத்துக்குச் சுமை. பயிற்சியின் பலனில் பெரும்பங்கு இதயத்தில் அல்ல, தசைகளில்தான். அவை ஆக்சிஜனை நன்றாக எடுக்கப் பழகுகின்றன.

தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் நீர் கோக்கிறது. பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே அவசர சிகிச்சை. ஐசிடி (ஆபத்தான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) பொருத்தியவர்கள், அது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பில் இயங்கும் என்று முன்பே கேட்டுவைத்து, பயிற்சியின்போது அதற்கு 10 முதல் 20 துடிப்பு கீழேயே இருக்க வேண்டும்.