பூட்டிய கணினியில் திரை வரவில்லை, கடை திருப்பி எடுக்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கைக்கு அடக்கமான செலவில் முதல் தடவையாகப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஒரு கணினி பூட்ட நினைத்து, டவுணில் ஒரு கடையில் ரைசன் 5 5600 புரொசசரும் பி450 மதர்போர்டும் வாங்கினேன். இரண்டும் 71,500 ரூபா. வாங்க முன்னர் வட்ஸ்அப்பில், “அண்ணை, கிராபிக்ஸ் கார்ட் பிறகுதான் வாங்குவன், இப்ப இதோட மட்டும் படம் வருமா?” என்று கேட்டேன். “ஓம் தம்பி, போர்டில எச்டிஎம்ஐ இருக்கு, பூட்டினா ஓடும்” என்று பதில் வந்தது. பூட்டினேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடையில் “நீங்கள் பூட்டினதால வாரண்டி இல்லை” என்கிறார்கள். பில்லில் “விற்ற பொருள் மீள எடுக்கப்படமாட்டாது” என்று அச்சடித்திருக்கிறது. கொழும்பில் இருந்து பேஸ்புக் மூலம் “புத்தம் புதியது” என்று கூரியரில் வாங்கிய எஸ்எஸ்டியை (தரவு சேமிக்கும் தட்டு) நண்பனின் கணினியில் பார்த்தால் 6,400 மணித்தியாலம் ஓடியதாகக் காட்டுகிறது. வாங்கி ஐந்து கிழமை ஆகிறது. காசு திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் கையில் இருக்கும் மிகப் பெறுமதியான ஆவணம் பில் அல்ல, அந்த வட்ஸ்அப் கேள்வி. அதை அழிக்காதீர்கள். தொலைபேசியை மாற்றுவதானால் முதலில் உரையாடல் முழுவதையும் திகதி தெரியும்படி ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியைச் செல்லாது என்று தள்ள முடியாது.

கடிதம் எழுத முன்னர் பழுது எங்கே என்று உறுதிப்படுத்துங்கள். ரைசன் 5 5600 இல் உள்ளமை கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, இல்லை. 5600ஜி என்பதில்தான் இருக்கிறது. மதர்போர்டில் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துவாரம் இருந்தாலும் புரொசசரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் அதிலிருந்து படம் வராது. கடைக்காரர் தவறியது இங்கேதான் என்று தோன்றுகிறது. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கலாம். பி450 போர்டுகள் 2018இல் வந்தவை, 5600 வந்தது 2022இல். அலுமாரியில் நெடுநாள் கிடந்த போர்டாக இருந்தால், அதிலுள்ள பழைய பயாஸுக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இந்தப் புரொசசரைத் தெரியாது. இரண்டு பழுதும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். நன்றாக ஓடும் ஒரு கிராபிக்ஸ் கார்டை இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். படம் வந்தால் பிரச்சினை புரொசசர் தெரிவில். அப்போதும் வராவிட்டால் பயாஸையோ போர்டையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சோதனையை இடையில் வெட்டாமல் வீடியோ எடுங்கள். புரொசசரைக் கழற்றினால் அடியில் உள்ள ஊசிகளையும் கிட்டவாகப் படம் எடுங்கள். இந்த வகையில் ஊசிகள் புரொசசரில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் “நீ உடைத்தாய்” என்று கடை சொல்லும். உப்புக்காற்று ஊரில் இணைப்பிகளில் பச்சை பிடிப்பதும் அப்படியொரு சாட்டுத்தான். வாரண்டி அட்டைகள் பெரும்பாலும் துரு, எரிவு, உடைவு மூன்றையும் விலக்கியே அச்சிடப்படுகின்றன.

இனிச் சட்டம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயரின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது அதற்குள் இருக்கும் நிபந்தனை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: குறித்த பொருளை அதன் வர்த்தகப் பெயரைச் சொல்லி வாங்கினால் இந்த நிபந்தனை எழாது. கடைக்குப் போய் “5600 ஒன்று தாங்கோ” என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த விலக்கு உங்களைத் தடுத்திருக்கும். அப்போது பொருள் பழுது இல்லை, தெரிவு உங்களுடையது என்று கடை சொல்லியிருக்கும்.

நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1925இல் தீர்ப்பான பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கு இதே விடயம்தான். சுற்றுலாவுக்கு வசதியான கார் வேண்டும் என்று கேட்டவருக்கு விற்பனையாளர் புகாட்டி கார் ஒன்றைப் பரிந்துரைத்தார். கார் அந்தத் தேவைக்கு ஒத்துவரவில்லை. வர்த்தகப் பெயர் சொல்லப்பட்டிருந்தாலும், விற்பவரின் பரிந்துரையை நம்பித்தான் வாங்கப்பட்டது என்பதால் விலக்கு பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. “கார்ட் இல்லாமல் படம் வருமா” என்ற உங்கள் கேள்வியும் அதற்கு வந்த “ஓம்” என்ற பதிலும் உங்களை அதே இடத்தில் நிறுத்துகின்றன.

“மீள எடுக்கப்படமாட்டாது” என்ற வரிக்குப் பயப்பட வேண்டாம். காசு கொடுத்த பிறகு கைக்கு வந்த பில்லில் இருப்பது, ஏற்கெனவே முடிந்த ஒப்பந்தத்தில் புதிதாகச் சேராது. காசு கொடுக்க முன்னரே மேசையில் அந்தப் பலகை இருந்தாலும், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. நுகர்வோருக்கு விற்கும் வியாபாரி, விவரிப்பு, தரம், பொருத்தம் பற்றிய உள்ளார்ந்த நிபந்தனைகளை இப்படி ஒரு வரியால் விலக்கிக்கொள்ள முடியாது. “நீங்கள் பூட்டினீர்கள்” என்பதும் தனியே ஒரு பதில் அல்ல. பாகங்களாக விற்பதே பூட்டுவதற்குத்தான். பூட்டியதால்தான் சேதம் வந்தது என்று காட்டினால் மட்டுமே அது கடைக்கு உதவும்.

உங்களை இழுத்து விழுத்தக்கூடியது தாமதம். பொருளை நெடுநாள் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்பது மட்டும் மிஞ்சும். ஆகவே இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வாங்கிய திகதி, பாகங்களின் தொடர் இலக்கங்கள், நீங்கள் கேட்ட கேள்வி, கிடைத்த பதில், சோதனை முடிவு ஆகியவற்றை எழுதி, “பொருளை ஏற்க மறுக்கிறேன், 14 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தரவும் அல்லது 5600ஜி ஆக மாற்றித் தரவும்” என்று முடியுங்கள். விலை வித்தியாசத்தைக் கட்டத் தயார் என்றும் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான கடைகள் காசு தருவதைவிட மாற்றித் தரவே சம்மதிக்கும், உங்களுக்கு வேண்டியதும் ஓடும் கணினிதானே. பில்லில் “கம்பியூட்டர் பார்ட்ஸ்” என்று மட்டும் இருந்தால் விபரமான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் நீங்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். கடை கைவிரித்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். “அடுத்த கிழமை வாங்கோ” என்று இழுத்தடிக்கும் கடைகளிடம் பலர் இந்தக் காலத்தைத்தான் இழக்கிறார்கள். விசாரணையில் முறைப்பாடு சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்க, பொருளை மாற்றித்தர அல்லது பணத்தைத் திருப்பித்தர அதிகார சபை கட்டளையிடலாம். முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்பதை 1977 என்ற இலக்கத்தில் கேளுங்கள்.

எஸ்எஸ்டி விடயம் இன்னும் நேரானது. புதிய தட்டு 6,400 மணித்தியாலம் காட்டாது. பாவித்ததைப் புதியதென்று விற்பது விவரிப்புக்கு மாறான விற்பனை, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகள் தடைசெய்யும் பொய்யான எடுத்துரைப்பும்கூட. தட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்போ மென்பொருளின் திரையைத் தொடர் இலக்கம் தெரியப் படம் எடுங்கள். அந்த இலக்கம் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கத்துடன் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சிக்கல் வேறிடத்தில்: பேஸ்புக் பக்கத்தின் பெயருக்குக் கடிதம் அனுப்ப முடியாது. பணம் போட்ட வங்கிக் கணக்கின் பெயர், கூரியர் சீட்டில் அனுப்பியவர் பெயர், முகவரி ஆகியவற்றைத் திரட்டுங்கள். அவர் வியாபாரி அல்ல, தன் பாவித்த பொருளை விற்ற தனி ஆள் என்றால் தரம் பற்றிய உள்ளார்ந்த நிபந்தனை பொருந்தாது. “புத்தம் புதியது” என்று அவர் எழுதியதுதான் அப்போதும் உங்களுக்குப் பிடி. அந்த விளம்பரம் நீக்கப்பட முன்னர் படம் எடுத்து வையுங்கள்.

அதிகார சபையில் முடியாவிட்டால் வழக்குத்தான். ஆனால் இந்த அளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் அங்கே தரும் சான்றிதழோடுதான் வழக்கிடலாம். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். வட்ஸ்அப் உரையாடலையும் சோதனைப் படங்களையும் அச்சிட்டுத் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

இனிமேல் பவர் சப்ளையோ ரேமோ மாற்றி வாங்குவதானால், காசு கொடுக்க முன்னர் கடைக்கு இப்படி எழுதுங்கள்: “பி450 போர்ட், இந்தப் புரொசசர், பிறகு இந்த மொடல் கிராபிக்ஸ் கார்ட் பூட்டுவேன். நீங்கள் தரும் ரேமும் பவர் சப்ளையும் இவற்றுக்குப் பொருந்துமா?” மொடல் பெயர்களை முழுதாக எழுதுங்கள், பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். உங்கள் போர்டுக்கு டிடிஆர்4 ரேம்தான் போகும், டிடிஆர்5 துவாரத்தில் நுழையாது. தவறி டிடிஆர்5 தந்தால் அழுத்திப் பூட்டிப் பார்க்காமல் உறையோடு திருப்பிக் கொடுங்கள்.